பயறு நாற்றை இரவில் வெட்டியது யார்? முயல் தொல்லைக்கு அறிகுறி பார்த்துத் தீர்வு

ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி என்று கேரள வேளாண்மைத் துறை விதைப் பாக்கெட்டும் நாற்றும் கொடுக்கிறது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் குடியிருக்கிற எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களும் கிருஷி பவன் என்கிற வேளாண்மை அலுவலகத்தில் அதை வாங்கிவந்து பயறும் வெண்டையும் கீரையும் போடுகிறோம். நாற்று மூன்றாம் இலை விடுகிற நேரத்தில், ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு வரிசை முழுவதும் மொட்டையாக நிற்கும். பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும் அதே கதைதான். கரிசல் மண், பனை, கிளுவை வேலி, நடுநடுவே தரிசு என்று கிடக்கிற இந்த நிலம் முயலுக்குப் பிறந்த வீடு.

என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் என்ன தெளிக்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தெளிப்பதற்கு முன் இரண்டு இடங்களைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். ஒன்று வெட்டுப்பட்ட தண்டு, மற்றொன்று வேலியின் அடி. முதலாவது, வந்தது யார் என்று சொல்லும். இரண்டாவது, எப்படி வந்தது என்று சொல்லும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

தொடங்கும் முன் ஒரு விவரம். நம் காட்டிலும் வயலிலும் ஓடுகிற முயல் வேறு, கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயல் வேறு. நம்முடையது பிடரியில் கறுப்புத் திட்டு உள்ள காட்டு முயல். வளை தோண்டாது. புதரடியில் உடம்பு கொள்ளும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் பதித்துப் பகல் முழுவதும் அசையாமல் படுத்திருக்கும். அந்தி சாய்ந்ததும் கிளம்பும். கூண்டு முயல் குழிமுயல் இனம். அது தப்பித்து வந்தால் வேலிக்கு அடியில் தோண்டியே உள்ளே புகும். எனவே தோட்டத்தில் புதிதாகக் குழி தெரிந்தால் காட்டு முயலைக் குற்றம் சொல்லாதீர்கள். அக்கம்பக்கத்தில் யாராவது முயல் வளர்க்கிறார்களா என்று விசாரியுங்கள், பெருச்சாளியா என்றும் பாருங்கள். பெருச்சாளி என்றால் குழியின் வாய்ப்பக்கத்தில் மண் குவியலாகக் கிடக்கும்.

அறிகுறி: நாற்றின் தலை காணவில்லை, குச்சி மட்டும் நிற்கிறது

வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். வாடிய பிறகு வெட்டின் முகம் சுருங்கிவிடும், அடையாளம் தெரியாது. குச்சியை இரண்டு விரலால் பிடித்து வெட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்கள். முயல் கடித்திருந்தால், பேனாக்கத்தியால் சாய்த்துச் சீவியதுபோல் ஒரே வழுவழுப்பான சரிவு இருக்கும்; நகம் எங்கும் தடுக்காது. மேலும் கீழுமாக உளி போன்ற வெட்டுப்பற்கள், மேல் வரிசையில் அவற்றின் பின்னாலேயே இன்னொரு சிறு ஜோடி. அந்தப் பற்களின் வேலை இது. வெட்டு தரையிலிருந்து இரண்டு அங்குலத்திலிருந்து இரண்டு அடிக்குள் இருக்கும். முயல் பின்னங்காலில் எழுந்து நின்று மேய்ந்தாலும் அதற்கு மேல் எட்டுவது அரிது.

நகம் தடுக்கிறதா? வெட்டு நார் நாராகப் பிய்ந்திருக்கிறதா? அப்படியானால் ஆடு அல்லது மாடு. அவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கவ்வி இழுத்துப் பிய்க்கத்தான் முடியும். மலையோரத் தோட்டமாக இருந்தால் மானும் இதே கணக்குத்தான்.

நாற்று தரையோடு அறுந்து அருகிலேயே சாய்ந்து கிடக்கிறது, இலை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்றால் வெட்டுப்புழு. அடியில் ஒரு அங்குலம் மண்ணைக் கிளறினால் சாம்பல் நிறப் புழு வளையமாகச் சுருண்டு கிடக்கும். முயல் தான் வெட்டியதைத் தின்றுவிட்டுத்தான் போகும், கீழே போட்டுவிட்டுப் போவது குறைவு. இலையில் ஓட்டை, பக்கத்தில் காய்ந்த வெள்ளிக் கோடு என்றால் நத்தை. பகலிலேயே கொழுந்து கொத்துப்பட்டு, நாற்று வேரோடு பிடுங்கப்பட்டிருந்தால் மயில். இந்தப் பக்கத்தில் முயல் மேல் விழுகிற பழியில் ஒரு நல்ல பங்கு மயிலுடையது என்பது என் அனுபவம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் புழுக்கையைத் தேடுங்கள். முயல் புழுக்கை உருண்டையாக, சற்றே தட்டையாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். காய்ந்ததை விரலிடையே நசுக்கினால் வைக்கோல் தூள்போல் உதிரும். முயல் முதலில் போடுகிற மென்மையான புழுக்கையைத் தானே மறுபடி தின்றுவிடுகிறது. நம் கண்ணில் படுவது இரண்டு முறை குடலைக் கடந்து வந்த சக்கை. அதனால்தான் அவ்வளவு உலர்ந்து நாராக இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை கருமையாக, நீள்வட்டமாக, ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை அடுப்புச் சாம்பல். மாலையில் வேலியோரம் சந்தேகமான இடத்தில் ஒரு முறம் அளவுக்குச் சலித்த சாம்பலைப் பரப்பி, கையால் தடவிச் சமன் செய்துவிடுங்கள். காலையில் அதில் தடம் இருக்கும். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறிய தடங்கள், அவற்றுக்கு முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு நீளமான தடங்கள். முன்னால் இருக்கிற பெரியவை பின்னங்கால்களுடையவை. முயல் தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டிப்போய் ஊன்றுகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார். காற்றுக் காலத்தில் மட்டும் இது சரிவராது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற கீழைக்காற்று இரவோடு இரவாகச் சாம்பலை வாரிக்கொண்டு போய்விடும். அப்போது ஈர மண்ணைச் சமன் செய்து வைத்தால் போதும்.

அறிகுறி: வேலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே கடி

தொல்லையின் மையம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா வேலி கட்டுகிறவர்களுக்குப் பின்னாலேயே நடந்து, "கண்ணு, தலை உயரத்தில் பார்க்காதே, முட்டிக்குக் கீழே பார்" என்பார். அது முயலுக்கென்றே சொன்ன வார்த்தை. முயல் வேலியைத் தாண்டிக் குதிப்பதைவிட, அடியில் நுழைய இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடும். நன்றாக வளர்ந்த முயல்கூட உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நாலு அங்குலச் சந்தில் புகுந்துவிடும். ஒரு வழி கிடைத்துவிட்டால் தினமும் அதே வழிதான். அந்த இடத்தில் புல் ஒரு சாண் அகலத்துக்கு அழுந்திப் பாதைபோல் தெரியும். சில சமயம் கம்பியின் கூரிய முனையில் நாலைந்து பழுப்பு மயிர் ஒட்டியிருக்கும்.

கிளுவை வேலி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போதும். முயலுக்கு அது நிழல் கொடுக்கிற வாசல். மேலே அடர்ந்து, அடியில் தண்டுகளுக்கு நடுவே சாண் சாணாகச் சந்து விட்டிருக்கும். அதை வெட்டிப்போட வேண்டாம். உள்பக்கத்தில் கம்பி வலையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

வலையின் கண் ஒரு அங்குலம் இருக்கட்டும். கடைக்காரர் இரண்டு அங்குலக் கண்ணைக் காட்டி விலை குறைவு என்பார். பெரிய முயல் அதில் நுழையாது, குட்டி நுழையும். கடைகளில் கோழிவலை என்று கிடைக்கிற அறுகோணக் கண் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை போதுமானது. கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ் இன்னும் உறுதி, பல ஆண்டுகள் நிற்கும், விலையும் அதற்கேற்ப.

நான்கு அடி அகல வலையை வாங்குங்கள். அதில் அடிப்பாகம் அரை அடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் கிடத்துங்கள். மீதி மூன்றரை அடி நிமிர்ந்து நிற்கும். இந்த மடிப்புத்தான் உயிர்நாடி. முயல் வேலியை ஒட்டி வந்து மூக்கால் முட்டும்போது அதன் கால் இந்த மடிப்பின் மேலேயே நிற்கிறது. அடியைத் தூக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. தள்ளி நின்று பறிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. மடிப்பின் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பழைய கம்பியை வளைத்துச் செய்த கொக்கியை அடித்து இறக்கி, மேலே இரண்டு கூடை மண் போட்டுவிடுங்கள். ஒரு மழைக்குள் புல் முளைத்து மூடிவிடும். தோண்டுகிற கூண்டு முயல்தான் தொல்லை என்றால் இந்த மடிப்பை அரை அடி ஆழத்தில் புதைத்துவிடுவது நல்லது.

கணக்குக்கு ஒரு தோட்டம்: இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம். சுற்றளவு 70 அடி. ஐந்து அடிக்கு ஒரு வேலிக்கால் என்றால் 14 கால், கதவுக்கு ஒன்று கூடுதல். சீமைக்கொன்றைக் கொம்பை நட்டால் அதுவே துளிர்த்து வேர் பிடித்துக்கொள்ளும், தழையும் உரமாகும்.

வலை கட்டியும் வருகிறது என்றால் இந்த இடங்களைப் பாருங்கள். முதலில் கதவு. கதவின் அடிக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக்கூடாது. அடியில் ஒரு கல்லோ பலகையோ படியாகப் பதித்தால் சரியாகிவிடும். அடுத்து வாய்க்கால் உள்ளே நுழைகிற இடம். தண்ணீர் வராத நாளில் அது முயலுக்கு ராஜபாட்டை. அங்கே ஒரு துண்டு வலையை வாய்க்காலின் வடிவத்துக்கு வளைத்துச் செருகுங்கள். மூன்றாவது எங்கள் கரிசலுக்கே உரியது. கோடையில் இந்த மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கால்கள் ஆடும், கொக்கிகள் மேலே எழும்பும், மடிப்புக்கு அடியில் சந்து விழும். மாசி முடிவதற்குள் ஒருமுறை கொக்கிகளை எல்லாம் மறுபடி அடித்துவிடுங்கள். முயலுக்கு வெளியே பச்சை இல்லாமல் போகிற காலமும் அதுதான். சுற்றிலும் புல் கருகி, நம் சொட்டுநீர்ப் பாத்தி மட்டும் பசுமையாக இருந்தால் அது வராமல் வேறு எங்கே போகும்?

இவ்வளவும் சரியாக இருந்தும் கடி நிற்கவில்லை என்றால், முயல் உள்ளேயே இருக்கலாம். வேலியை மூடிய அன்று பூசணிக் கொடிக்கு அடியில் படுத்திருந்ததைக் கவனிக்காமல் மூடியிருப்போம். துரத்தாதீர்கள். பயந்த முயல் வலையில் தலைகொண்டு மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். மாலையில் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, எதிர் மூலையிலிருந்து மெதுவாக நடந்து வாருங்கள். தானே போய்விடும்.

அறிகுறி: நைலான் வலையில் வட்ட வட்டமாக ஓட்டை

முயல் அதைக் கடித்து அறுத்திருக்கிறது. ஒட்டுப்போட்டுப் பயனில்லை, பக்கத்திலேயே மறுபடி அறுக்கும்.

ஓட்டையைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அதற்காகவே நைலான் வலையைத் தரையோடு கட்ட வேண்டாம் என்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் செலவு குறைவு என்று அதைத்தான் கட்டினேன். ஒரு காலையில் வேலி மூலையில் ஒரு சாரைப்பாம்பு உடம்பின் நடுவில் நாலைந்து கண்களுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. முன்னே போகப் போக நூல் செதிலுக்கு அடியில் இறங்கியிருந்தது. தலையை ஒரு ஈரச் சாக்கால் மூடிவிட்டு, தையல் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். அரை மணி நேரம் ஆனது. கடைசி நூல் அறுந்ததும் சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு கிளுவைக்குள் ஊர்ந்து போனது. நூல் அழுந்திய இடத்தில் செதில் உரிந்து வெள்ளையாகக் கோடு தெரிந்தது. எலியைப் பிடித்துத் தோட்டத்தைக் காப்பாற்றுகிற உயிர் அது. அன்று மாலையே முழு வலையையும் அவிழ்த்துவிட்டேன். நீங்கள் இப்படிப் பார்க்க நேர்ந்தால், என்ன பாம்பு என்று உறுதியாகத் தெரியாதபோது கிட்டே போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: வலையை ஒட்டிய செடி மட்டும் ஒரு பக்கம் மொட்டை

முயல் உள்ளே வரவில்லை, வெளியே நின்று மேய்கிறது. பாத்தியை வேலியிலிருந்து முக்கால் அடி உள்ளே தள்ளுங்கள். அல்லது அந்த ஓரத்தில் மிளகாய், கத்தரி, மஞ்சள், வெங்காயம் வையுங்கள்; முயல் அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. பயறு, அவரை, நிலக்கடலை, தண்டுக்கீரை, முட்டைக்கோஸ் ஆகியவை நடுப் பாத்திக்குப் போகட்டும். கடும் பஞ்சத்தில் கத்தரி நாற்றையும் கடிக்கும், எனவே இதை மட்டுமே நம்பி வலையை விட்டுவிட வேண்டாம்.

வேலிக்கு வெளியே கல் குவியல், செங்கல் அடுக்கு, உரக்குழி மேடு இருந்தால் அகற்றுங்கள். மூன்றரை அடி வேலிக்கு வெளியே ஒன்றரை அடி மேடு இருந்தால் மிச்சம் இரண்டு அடிதான் வேலி.

அறிகுறி: முருங்கை, பப்பாளிக் கன்றின் பட்டை உரிந்திருக்கிறது

கோடையில் பச்சை கிடைக்காதபோது முயல் இளம்பட்டையைக் கரண்டும். உளியால் இழைத்ததுபோல் அகலமான பற்குறிகள் சாய்வாகத் தெரியும். எலியின் பற்குறி மெல்லிய கீறலாக, தாறுமாறாக இருக்கும்.

பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் கன்று பிழைக்கும். காயத்தில் பசுஞ்சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசுகிறோம், காய்ந்து போகாமல் காக்கும். சுற்றிலும் வளையமாக உரிந்திருந்தால் மேலே இருந்து வேருக்கு உணவு இறங்காது. முருங்கை என்றால் காயத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பக்கக் கிளை வெடித்து வரும். பப்பாளிக் கன்றை மாற்றி வைப்பதே நல்லது.

தடுப்பு எளிது. இரண்டரை அடி உயரத்துக்கு வலைத் துண்டைக் குழாயாகச் சுருட்டிக் கன்றைச் சுற்றி நிறுத்துங்கள். தண்டுக்கும் வலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். வலை இல்லாதவர்களுக்கு இந்த ஊரில் கடவுள் கொடுத்தது பனை. கருக்கு மட்டையை நாலைந்தாக வெட்டிக் கன்றைச் சுற்றி நெருக்கமாக ஊன்றினால், இரண்டு பக்கமும் இருக்கிற ரம்பப் பல்லைத் தாண்டி முயல் மூக்கை நீட்டாது. வேலியடிச் சந்துக்கும் இதே மட்டையைக் குறுக்கே கிடத்தலாம். மழைக்குப் பின் இற்றுப்போகும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கைக்குக் கனமான சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அறிகுறி: கரைசல் தெளித்தால் நாலு நாள் வரவில்லை, பிறகு வந்துவிட்டது

கரைசல் தவறு செய்யவில்லை, அதன் ஆயுள் அவ்வளவுதான். பச்சைமிளகாயும் பூண்டும் அரைத்த கரைசல், வேப்பெண்ணெய், அழுகிய முட்டைக் கரைசல் எல்லாம் ஓரளவு விரட்டும். முட்டை அழுகிய வாடை கொன்று தின்னும் விலங்கின் நினைப்பைத் தருவதால் மேய்கிற பிராணிகள் ஒதுங்கும். ஐந்து லிட்டர் தண்ணீருக்கு மூன்று முட்டை, நாலு நாள் மூடிவைத்து வடிகட்டி, வேலியடியிலும் கன்றின் தண்டிலும் மட்டும் தெளியுங்கள். பறித்துச் சமைக்கப்போகிற கீரை மேல் வேண்டாம். ஒரு மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். மழையே இல்லாவிட்டாலும் பத்து நாளில் புதிதாக விட்ட கொழுந்தில் எந்த வாடையும் இருக்காது, முயல் தேடுவதும் அந்தக் கொழுந்தைத்தான். நாற்று நட்டது முதல் ஒரு முழ உயரம் வரும்வரை உள்ள இரண்டு மூன்று வாரத்துக்குக் கரைசல் உதவும். ஆண்டு முழுவதும் அதை நம்ப முடியாது.

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவதும், பளபளக்கும் நாடாவும் ஒரு வாரம் வேலை செய்யும். அசைகிறது, ஆனால் ஒன்றும் செய்வதில்லை என்று முயல் பழகிவிடும். நாய் வளர்க்கிற வீட்டுத் தோட்டத்தில் தொல்லை குறைவு என்பது உண்மை, நாயை இரவில் அவிழ்த்துவிட்டிருந்தால்.

அந்துருண்டையை மட்டும் பாத்தியில் போடாதீர்கள். மண்ணிலும் குழந்தைகள் கையிலும் படக்கூடாத நச்சு அது.

கண்ணி, விஷம், மின்கம்பி

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் முழு அழுத்தத்தோடு. காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சட்டம்தான். கண்ணி வைப்பது, கொல்வது, கறியை வைத்திருப்பது எல்லாம் குற்றம். எலி மருந்தைக் கீரையில் கலந்து வைத்தால் முதலில் சாவது மயிலும் நாயுமாக இருக்கும். வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பது மனிதக் கொலையில் முடிகிற வேலை. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகள் இப்படி இறந்திருக்கிறார்கள். ஒரு வரிசைப் பயறுக்கு அந்த விலை வேண்டாம்.

அறிகுறி: பாத்தியில் முயல் குட்டி தனியாகக் கிடக்கிறது

தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று எண்ணி வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. தாய் பகலில் பக்கத்தில் இருக்காது. தன் வாடையால் நரியும் நாயும் குட்டியைக் கண்டுபிடித்துவிடும் என்று விலகியிருந்து, இருட்டிய பின் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பசும்பால் ஊற்றினால் குட்டிக்கு வயிறு போய்ப் பெரும்பாலும் செத்துவிடும். நாயைக் கட்டிப்போடுங்கள், அந்த மூலையில் இரண்டு நாள் களை எடுக்காதீர்கள், வலை வேலையையும் தள்ளிவையுங்கள். குட்டி நகர்ந்துவிட்டது என்று உறுதியானதும் வேலியடிச் சந்துகளை அடைக்கலாம்.

அடைத்த பிறகு அடுத்த சோதனை இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைதான். முதல் பெருமழை விட்டதும் குடையோடு வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்து, தண்ணீர் அரித்துக்கொண்டு வெளியேறிய இடங்களில் ஒவ்வொரு கல்லாக வைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். அன்று இரவே அந்தப் பக்கம் முயல் வரும்.